ஏற்கனவே அங்கே ஒருவர் இருப்பார்

ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். உவர்மலையில் பிறந்து வளர்ந்து, சென்னையில் மூன்று வருடம் படித்தவர். அங்கே ஒரு தன்னார்வக் குழுவோடு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணகி நகருக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். படிப்பு முடிந்து போன மாதம் திருகோணமலைக்குத் திரும்பிவிட்டார். "கடைசி ஞாயிறு பிள்ளைகள் அழுதார்கள், நானும் அழுதேன். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது, இவர்களுக்கு நான் உண்மையில் என்ன செய்தேன் என்ற கேள்வி வந்தது. குழுவாக எடுத்த படங்களைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. இனி இங்கே ஏதாவது செய்யலாமா? செய்வதென்றால் எங்கே தொடங்குவது?" இதுதான் அவருடைய கேள்வி.

தங்கச்சி, நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்தது வீண்போகவில்லை. மூன்று வருடம் ஞாயிறு காலையில் எழும்பி, இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறீர்கள். பின்னக் கணக்கு ஒரு பிள்ளைக்கு விளங்கினால் விளங்கியதுதான், அதை யாரும் அவளிடமிருந்து திருப்பி எடுக்க முடியாது. ஆனால் உங்கள் மனதில் இருக்கிற உறுத்தலும் சரியானதே. அதற்குச் சமாதானம் சொல்லி அடக்க எனக்கு விருப்பமில்லை.

போகிற போக்கில் நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "சாவி வைத்திருக்கிற அக்கா வரப் பிந்தினால் நாங்கள் வெளியே நிற்போம்." என் பதில் முழுக்க அந்தச் சாவி அக்காவைப் பற்றியதுதான். அவர் யார்? அந்த அறையைக் கூட்டியது யார்? சனிக்கிழமை பின்னேரம் வீடு வீடாகப் போய் "நாளைக்கு வகுப்பு இருக்கு, பிள்ளையை அனுப்புங்க" என்று சொன்னது யார்? நீங்கள் போகாத ஆறு நாளும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது யார்? மூன்று வருடத்தில் அவருடைய பெயர் உங்கள் குழுவின் எந்த அறிக்கையிலாவது வந்ததா?

உதவி செய்ய நாம் போகிற எந்த இடத்திலும், நாம் போவதற்கு முன்பே அந்த வேலையை ஒருவர் செய்துகொண்டிருப்பார். பெரும்பாலும் ஒரு பெண்ணாக இருப்பார். சம்பளம் இருக்காது, அல்லது சம்பளம் என்று சொல்ல முடியாத ஒரு தொகை இருக்கும். அவரைத் தேடிக் கண்டுபிடித்து, அவருக்குப் பின்னால் நின்று வேலை செய்வதைத்தான் நான் தொண்டு என்று நினைக்கிறேன். இது எனக்கு எப்படிப் பிடிபட்டது என்று சொல்கிறேன்.

1990 ஆனி மாதம் இங்கே மீண்டும் சண்டை தொடங்கியபோது எனக்கு 13 வயது. காட்டு வழியாக மன்னார்ப் பக்கம் நடந்து, பேசாலையில் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போனோம். மண்டபம் முகாமில் பதிவு. அப்புறம் தமிழ்நாட்டின் வேறொரு மாவட்டத்தில் ஒரு முகாம். எங்கள் வரிசையில் ஓர் அக்கா இருந்தார். உயர்தரம் படித்துக்கொண்டிருக்கும்போது ஓடி வந்தவர், அவருடைய படிப்பு அத்தோடு நின்றுபோனது. ஒரு பழைய கதவை எங்கேயோ தேடி எடுத்து, கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துப் பூசிக் கரும்பலகையாக்கினார். மழை பெய்தால் பூச்சு கரைந்து போகும், மறுநாள் திரும்பவும் அரைத்துப் பூசுவார். இலை அரைக்கிற வேலை எங்களுக்கு. கை இரண்டு நாளைக்குக் கறுப்பாகவே இருக்கும். அந்தக் கதவில்தான் நான் இயற்கணிதம் படித்தேன்.

நகரத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு தடவை பஸ்ஸில் வந்தார்கள். பிஸ்கட் தந்தார்கள், பாட்டுப் பாடினார்கள், எங்களை வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள், அந்தப் பிஸ்கட்டின் ருசிகூட இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் படம் எடுக்கிறபோது அக்காவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள், பிள்ளைகள் மட்டும் போதும் என்று. அவர் கதவுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. நாற்பது வயதுக்கு மேல்தான் அந்தப் படத்தில் யார் இல்லை என்று யோசிக்கத் தொடங்கினேன்.

எங்களைப் போன்றவர்களை வைத்தே எங்களுக்கான வேலையைச் செய்தவர்களும் இருந்தார்கள். 1984இல் சந்திரஹாசன் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை, ஒபர் என்று முகாம்களில் எல்லாருக்கும் தெரியும். அதில் வேலை செய்தவர்களே அகதிகள்தான். முகாமில் இருக்கிற ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அவரை அதே முகாமில் ஆசிரியராக, சுகாதாரத் தொண்டராக நிற்கவைப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சின்ன விஷயம். ஆனால் பகல் முழுக்கக் கூலி வேலைக்குப் போய்விட்டுப் பின்னேரம் வகுப்பெடுக்கிற ஒருவரை "நீங்கள்தான் இங்கே ஆசிரியர்" என்று ஒரு அமைப்பு வந்து சொல்வது, அந்த முகாமில் அவர் தலை நிமிர்ந்து நடக்கிற விதத்தையே மாற்றிவிடும்.

நான் 2003இல், சமாதான காலத்தில், ஊருக்குத் திரும்பினேன். அடுத்த வருடம் மார்கழி 26 சுனாமி. அன்று ஞாயிறு, பூரணை நாள். இலங்கையில் செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 35,000 பேர் அளவில். திருகோணமலைக்குப் பக்கத்தில் கிண்ணியாவில் வைத்தியசாலையையே கடல் அடித்து நொறுக்கியது. முதல் இரண்டு நாளும் யார் காப்பாற்றினார்கள் என்று இங்கே யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: பக்கத்து வளவுக்காரர், பக்கத்து ஊர்க்காரர். தமிழர் முஸ்லிம் சிங்களவர் என்று பார்க்காமல் பள்ளிவாசலிலும் கோவிலிலும் விகாரையிலும் சமைத்துப் போட்டார்கள். நாங்கள், அதாவது அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்ட நிறுவனக்காரர்கள், அதற்குப் பிறகுதான் போனோம்.

நான் அப்போது ஒரு நிறுவனத்தில் களப் பணியாளர். நிலாவெளிப் பக்கம் ஒரு பாடசாலையில் இருந்த மக்களிடம் படிவம் நிரப்பப் போனேன். அங்கே ஓர் அம்மா சீ.ஆர். கொப்பி ஒன்றோடு வந்தார். அட்டை கடல் தண்ணீரில் ஊறிக் காய்ந்து விறைத்திருந்தது, பிள்ளையின் பாடசாலைக் கொப்பியில் மிஞ்சிய பக்கங்கள். அந்தக் கொப்பியில் முழுக் கிராமமும் இருந்தது. வீடுகள் இல்லாமல் போனபடியால் அவர் மரங்களை வைத்து எழுதியிருந்தார்: புளியடி, பாலையடி, உடைந்த கிணற்றடி. ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை பேர் உயிரோடு, யாருக்குப் பிரஷர் குளிசை வேண்டும், யார் எத்தனை மாதக் கர்ப்பம், எந்தக் குழந்தைக்குத் தாய் இல்லை, பால்மா எந்த வயதுக்குரியது, செருப்பு என்ன அளவு. கரையில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: "இரவில் கத்துகிறார், தனியே விடக்கூடாது."

என் கையில் நான்கு பக்கப் படிவம். முதல் கட்டத்தில் 'குடும்பத் தலைவரின் பெயர்'. அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது: "பிள்ளை, அவர் கடலோட போயிட்டார். நான் இதில என்ன எழுதுறது?"

அன்று பின்னேரம் படிவத்தை மடித்து வைத்துவிட்டு அந்தக் கொப்பியைப் பார்த்துப் பிரதி எடுத்தேன். அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு என்ன வந்தாலும் அவரிடம் கேட்டுத்தான் கொடுத்தோம். பத்து நாளாகச் சோற்றுப் பார்சல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அவர் கேட்டது பானையும் அகப்பையும் உரலும். "சமைக்க எங்களுக்குத் தெரியும்" என்றார். அடுப்பு மூட்டிய அன்று அந்தப் பாடசாலை முற்றத்தில் சத்தமே மாறியது. பெண்கள் ஒருவரோடொருவர் சண்டை பிடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

அந்த அம்மாவுக்கு ஒரு சிறு கொடுப்பனவு கொடுக்கும்படி என் நிறுவனத்தில் கேட்டேன். அவர் 'தொண்டர்', அந்த வகைக்குப் பணம் ஒதுக்கவில்லை என்று பதில் வந்தது. அவருடைய கொப்பியைப் பார்த்து நான் எழுதிய அறிக்கைக்கு எனக்குச் சம்பளம் வந்தது, அவருக்கு ஒரு சதமும் வரவில்லை. இருபது வருடம் கடந்தும் அது எனக்கு ஆறவில்லை. நான் இன்னும் விடாப்பிடியாகக் கேட்டிருக்க வேண்டும்.

உடுப்பு விஷயத்தையும் சொல்ல வேண்டும். லொறி லொறியாகப் பழைய உடுப்பு வந்தது. கம்பளிச் சட்டை, கோட்டு, குதி உயர்ந்த சப்பாத்து. மழையில் நனைந்து வீதியோரம் குவிந்து கிடந்தது. பெண்களுக்குத் தேவைப்பட்டது உள்ளுடுப்பும் மாதவிடாய்த் துணியும், அதைக் கேட்க அவர்கள் வெட்கப்பட்டார்கள். அதே நேரம் தமிழ்நாட்டுக் கரையிலும் இதே கதைதான். 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அங்கே குவிந்த அந்தத் துணிகளைப் பொறுக்கியெடுத்துப் பயன்படுகிற பொருளாக மாற்றும் வேலையில் இறங்கியது. அவர்களுடைய வழி எனக்குப் பிடிக்கும். ஒரு ஊரார் தங்களுக்கு வேண்டிய கிணற்றையோ பாலத்தையோ தாங்களே தீர்மானித்துத் தாங்களே கட்டுவார்கள், அந்த உழைப்புக்குப் பரிசாகத் துணி போகும். வாங்குகிறவர் கையேந்தி நிற்பதில்லை, வேலை செய்து எடுத்துக்கொள்கிறார். குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது.

அதே 2015இன் கடைசியில் நான் சென்னையில் இருந்தேன், அம்மாவின் கண் ஒப்பரேஷனுக்காக. டிசம்பர் 1ஆம் தேதி மழை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்ரிமீற்றர். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரும் சேர்ந்து அடையாறு கரையை மீறியது. கரண்ட் இல்லை, போன் இல்லை. அந்த நாட்களில் சென்னை இளைஞர்கள் செய்த வேலையை நான் என் கண்ணால் பார்த்தேன், யாராவது குறைத்துப் பேசினால் ஒத்துக்கொள்ள மாட்டேன். மீனவர்கள் படகைக் கொண்டுவந்து தெருக்களில் ஓட்டினார்கள். ஐ.டி. பொடியன்கள் இடுப்பளவு தண்ணீரில் பால் பாக்கெட் சுமந்தார்கள்.

ஆனால் லொறிகள் பெரிய வீதியில்தான் வந்து நின்றன. வீதியோரம் இருந்தவர்களுக்கு ரொட்டி மூன்று தடவை கிடைத்தது, உள்ளே மூன்றாவது சந்துக்கு ஒரு தடவையும் போகவில்லை. நாங்கள் இருந்த தெருவில் இதைச் சரிசெய்தவர் இஸ்திரி வண்டி வைத்திருந்த பெரியவர். வீடு வீடாகத் துணி வாங்கித் திரும்பக் கொடுக்கிறவர் என்பதால் எந்த மாடியில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார், எந்த வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில், எந்த வீட்டில் சீனி வருத்தக்காரர் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் அவர் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். "முதல்ல அந்தப் பச்சை கேட்டு வீடு. பாட்டி தனியா இருக்கு" என்று அவர் கை காட்டுவார், இவர்கள் ஏறுவார்கள். அந்த இரண்டு பிள்ளைகளையும்தான் நான் நல்ல தொண்டர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். யாரைக் கேட்டு நடக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இஸ்திரிப் பெரியவரின் வண்டியும் வீடும் தண்ணீரில் போயிருந்தன என்பதை நான் நாலு நாள் கழித்துத்தான் அறிந்தேன்.

வெள்ளம் வடிந்த பிறகு நகரத்தைக் கழுவ மற்ற மாவட்டங்களிலிருந்தெல்லாம் துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். கையுறையும் பூட்ஸும் இல்லாமல் அழுகிய குப்பையை அள்ளிய பலரை நான் பார்த்தேன். மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் 2013இல் வந்துவிட்டது. சாக்கடைக்குள் இறங்கிச் சாகிறவர்களுடைய குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. சாவு இன்னும் நிற்கவில்லை. இந்த வேலையில் தொண்டர்கள் செய்யக்கூடியது துடைப்பத்தோடு ஒரு படம் எடுப்பதல்ல, அந்தத் தொழிலாளிக்குச் சட்டம் கொடுத்த கருவியும் சம்பளமும் கிடைக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்பதுதான். அதற்கு நீண்ட பொறுமை வேண்டும்.

சரி, உங்கள் கண்ணகி நகருக்கு வருவோம். அங்கே பிள்ளைகள் ஏன் ஒழுங்காக வகுப்புக்கு வருவதில்லை என்று உங்கள் குழுவில் கவலைப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். அந்த இடம் எப்படி உண்டானது என்று பார்த்தால் பாதி விடை அங்கேயே இருக்கிறது. நகரத்தின் நடுவே ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் குடியிருந்தவர்களை 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி அங்கே கொண்டுபோய் அடுக்குமாடிகளில் வைத்தார்கள். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையில் இருந்த குடும்பங்களும் பெரும்பாக்கத்துக்குப் போயின. வீடு கிடைத்தது, ஆனால் வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. வீட்டு வேலைக்குப் போகிற தாய் விடியக் காலையில் பஸ் பிடித்தால்தான் நேரத்துக்குப் போக முடியும். அப்படியானால் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்வது யார்? உங்கள் வகுப்புக்கு வராத அந்த நாலாம் வகுப்புப் பிள்ளைதான்.

அகதி முகாமில் வளர்ந்த எனக்கு இது நன்றாக விளங்குகிறது. ஒரு சனத்தைப் பிடுங்கி வேறிடத்தில் நடும்போது, யார் யாருக்குக் கைமாற்றுக் கொடுப்பார்கள், யார் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற பின்னல் முழுவதும் அறுந்துவிடும். அதைத் திரும்பப் பின்ன ஒரு தலைமுறை எடுக்கும். கண்ணகி நகரில் அது நடந்துகொண்டும் இருக்கிறது. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றதே, அதில் ஆடிய கார்த்திகா அந்த நகரத்துப் பிள்ளை. ஞாயிறு மட்டும் வருகிறவர்களால் அப்படி ஒரு பிள்ளையை உருவாக்க முடியாது. விடியற்காலையிலும் பின்னேரத்திலும் அந்த மைதானத்தில் யாரோ விசில் ஊதிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

உங்கள் குழுவில் கம்பெனி டீ-சேட் போட்டவர்கள் மாதம் ஒருமுறை வந்து போவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இந்தியாவில் 2014 ஏப்ரல் முதல் பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் நல்ல பள்ளிக் கட்டடங்களும் கழிப்பறைகளும் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. கூடவே ஒரு பழக்கமும் வந்தது: வருட முடிவில் எத்தனை தொண்டர், எத்தனை மணித்தியாலம், எத்தனை 'பயனாளி' என்று கணக்குக் காட்டுவது. அந்தக் கணக்கில் சாவி அக்காவுக்குக் கட்டம் இல்லை. எங்கள் சுனாமிப் படிவத்தில் செத்துப்போன குடும்பத் தலைவருக்குத்தான் கட்டம் இருந்தது, உயிரோடு நின்ற அந்த அம்மாவுக்கு இல்லை. இது அதே பிழைதான்.

கட்டத்தைச் சரியாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் படித்ததை மறந்தபோது, 2021 கடைசியில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. பின்னேரத்தில் அந்தந்தத் தெருவிலேயே வகுப்பு. சொல்லிக்கொடுப்பவரும் அந்தத் தெருவிலேயே இருக்கிறவர், பெரும்பாலும் இளம் பெண்கள். ஏறக்குறைய 2 லட்சம் தன்னார்வலர்கள் வரை போனது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. அந்தத் தொகை போதாது என்பதே என் கருத்து. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுத்த இடம் சரி.

தொகை போதாது என்று நான் அழுத்திச் சொல்ல எங்கள் ஊரிலேயே காரணம் இருக்கிறது. வடக்குக் கிழக்கில் யுத்த காலத்தில் பாடசாலைகளுக்கு ஆசிரியர் இல்லாதபோது, உயர்தரம் முடித்த ஊர்ப் பிள்ளைகள் 'தொண்டர் ஆசிரியர்' என்று போய் நின்றார்கள். ஷெல் விழுகிற நாட்களிலும் வகுப்பெடுத்தார்கள். வருடக்கணக்கில் சம்பளமில்லை, அல்லது பேருக்கு ஒரு தொகை. சண்டை முடிந்த பிறகு நிரந்தர நியமனம் கேட்டு வீதியோரம் பந்தல் போட்டு உட்கார வேண்டியிருந்தது, அதற்குள் பலருக்கு வயதெல்லை கடந்துவிட்டது. தொண்டு என்ற நல்ல சொல்லை வைத்தே ஒருவருடைய இளமையை இலவசமாக எடுத்துவிட முடியும் என்று நான் அவர்களிடம்தான் பார்த்தேன். ஆகவே தங்கச்சி, எங்கேயாவது நீங்கள் சும்மா செய்யப்போகிற வேலை இன்னொருவரின் சம்பளமாக இருக்க வேண்டியதா என்று முதலில் பாருங்கள். அப்படியானால் அதைச் செய்யாதீர்கள். அவருக்குச் சம்பளம் கேட்கிற கடிதத்தை எழுதிக்கொடுங்கள்.

இனி நம் ஊர். இங்கே என்ன செய்யலாம்?

கடற்கரை துப்புரவில் தொடங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். செப்டம்பர் மூன்றாவது சனி உலகம் முழுக்கக் கரையோரத் துப்புரவு நாள், டச்சுக்குடாவிலும் பிள்ளைகள் கூடுவார்கள். போங்கள், தப்பில்லை. ஆனால் சில வருடங்களுக்கு முன் ஒரு குழு பொறுக்கிய பைகளை அப்படியே கரையில் கட்டி வைத்துவிட்டுப் போனது. குப்பை வண்டி எந்த நாள் வரும் என்று யாரும் கேட்கவில்லை. இரவில் நாயும் மானும் கிழித்துவிட்டன. இந்த நகரத்தில் புள்ளிமான் கோட்டைப் பக்கத்திலிருந்து பஸ் நிலையம் வரை நடந்து திரியும், பொலித்தீன் தின்று செத்த மான்களை நாங்கள் கண்டிருக்கிறோம். மறுநாள் விடிய அந்தப் பிளாஸ்டிக்கைத் திரும்ப அள்ளியது வழக்கமாக அந்தக் கரையைக் கூட்டுகிற தொழிலாளிப் பெண்தான். அவரிடம் முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், எங்கே வைப்பது, எப்போது வண்டி என்று அவர் சொல்லியிருப்பார்.

ஊரோடு சேர்ந்து உழைப்பைத் தானமாகக் கொடுக்கிற இப்படியான வேலையைப் பெரியவர்கள் சிரமதானம் என்பார்கள். 1958இல் ஆரியரத்ன என்ற ஆசிரியர் கொழும்பு நாலந்தா கல்லூரி மாணவர்களைக் கனதொளுவ என்ற கிராமத்துக்குக் கூட்டிப்போனதில்தான் இலங்கையின் சர்வோதய இயக்கம் பிறந்தது. அதில் எனக்குப் பிடித்தது, வந்த மாணவர்களும் ஊர்க்காரரும் ஒரே மண்வெட்டியை மாறி மாறிப் பிடித்ததுதான். வேலை முடிந்து மாணவர்கள் போன பிறகும் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள்.

நுளம்பை எடுங்கள். 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள் அப்போது பாடசாலையில். நான் வீட்டுத் தரிசிப்புக்குப் போகிற குழு ஒன்றோடு போனேன். முதல் நாள் கதவு திறக்கவே இல்லை. யார் என்று தெரியாதவர்கள் வந்து உன் வளவு அழுக்கு என்று சொன்னால் யார் திறப்பார்? அடுத்த நாள் பொது சுகாதாரப் பரிசோதகர் அந்த ஒழுங்கையிலேயே இருக்கிற ஒரு முன்பள்ளி ஆசிரியையைக் கூட்டிவந்தார். அவர் "சாச்சி, நான்தான்" என்று குரல் கொடுத்தார், கதவு திறந்தது. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தட்டை அவர்தான் இழுத்துக் காட்டினார். குடம்பிகள் துள்ளிக்கொண்டிருந்தன. அந்த வீட்டுப் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தது. தாய் அந்தத் தட்டைப் பார்த்தபடியே நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை.

முட்டை நுளம்பாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் எடுக்கும். அதனால்தான் கிழமைக்கு ஒருமுறை என்கிறார்கள். வருடத்துக்கு ஒரு பெரிய நாள் வைத்து ஆயிரம் பேர் வந்தாலும் நுளம்புக்கு அது ஒன்றுமில்லை. ஒவ்வொரு சனியும் அதே ஒழுங்கையில் ஒரே ஆள் போய்த் தட்டைக் கவிழ்த்தால் பிள்ளைகள் தப்பும். அந்த முன்பள்ளி ஆசிரியை இன்னும் போகிறார். அவரோடு கூடப் போக ஒரு ஆள் இருந்தால் நல்லது என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

உங்களுக்குச் சிங்களமும் ஆங்கிலமும் ஓரளவு வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இங்கே பெரிய சொத்து. 2023இல் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரி உதவி வந்தபோது படிவம், மேன்முறையீடு என்று எத்தனை தாய்மார் பிரதேச செயலக வாசலில் நின்றார்கள். சிங்களத்தில் வந்த கடிதத்தை மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, வாசித்துச் சொல்ல ஆள் தேடுவார்கள். நுண்கடன் கம்பெனிப் பத்திரத்தில் என்ன வட்டி என்று தெரியாமல் கையெழுத்து வைத்தவர்கள் எத்தனை பேர். திருக்கடலூரிலும் அன்புவழிபுரத்திலும் மாதர் சங்கத்தில் ஒரு செயலாளர் இருப்பார், எல்லாரும் அவரிடம்தான் கடிதம் கொண்டுபோவார்கள். அவருக்குப் பக்கத்தில் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் உட்காருங்கள். படிவத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம். அந்தச் செயலாளர் நிரப்பட்டும், அவருக்கு விளங்காத சொல்லை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் உதவி இல்லாமலே அவர் செய்வார். அது நடந்தால் நீங்கள் நல்ல வேலை செய்திருக்கிறீர்கள்.

யாருக்குப் பின்னாலும் நிற்கத் தேவையில்லாத ஒரு தொண்டும் உண்டு, இரத்தம் கொடுப்பது. இலங்கையில் 2014 முதல் முழு இரத்தமும் பணம் வாங்காத தொண்டர்களிடமிருந்துதான் வருகிறது. இந்தியாவில் பணத்துக்கு இரத்தம் விற்பதை 1998 தொடக்கத்தோடு நிறுத்தினார்கள், ஆனாலும் நோயாளியின் சொந்தக்காரரையே "ஆள் கொண்டுவா" என்று அலையவைப்பது பல இடங்களில் இன்னும் இருக்கிறது. சென்னையில் அம்மாவோடு இருந்தபோது வார்டில் அப்படி அலைந்த ஒருவரை நான் கண்டேன். இங்கே அந்த அலைச்சல் இல்லை. 50 கிலோ எடையும் போதிய ஹீமோகுளோபினும் இருந்தால் நாலு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் படுத்து எழும்புங்கள். பக்கத்துக் கட்டிலில் யார் படுத்திருக்கிறார், என்ன மொழி கதைக்கிறார் என்பதெல்லாம் அந்த இரத்தப் பைக்குத் தெரியாது.

கடைசியாக, பிள்ளைகள் அழுதது. எனக்கு மனம் கனத்தது அங்கேதான். நீங்கள் போகப்போகிறீர்கள் என்று கடைசி ஞாயிறுதான் அவர்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பிழை தங்கச்சி. அந்தப் பிள்ளைகளை விட்டு ஏற்கனவே எத்தனை பேர் போயிருக்கிறார்கள். அப்பா போயிருப்பார், பழைய தெருக் கூட்டாளிகள் போயிருப்பார்கள், ஒவ்வொரு வருடமும் ஒரு தொண்டர் போயிருப்பார். மூன்று மாதத்துக்கு முன்னரே சொல்லி, ஒவ்வொரு ஞாயிறும் எண்ணிக்கொண்டு வந்து, அடுத்து வருகிறவரைப் பக்கத்தில் இருத்திப் பழக்கிவிட்டுப் போயிருக்க வேண்டும். நீங்கள் சின்னப் பிள்ளை, உங்களுக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. இப்போதும் திருத்தலாம்.

ஒரு பிள்ளை இன்னும் ஞாயிறு காலையில் தாயின் போனிலிருந்து வாய்ப்பாடு சொல்லி வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள், பதில் போட மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்களே. பதில் போடுங்கள். வகுப்பு நடந்த அதே பத்து மணிக்குப் போடுங்கள். எத்தனை மாதம் இப்படிக் கேட்க உங்களால் முடியும் என்பதையும் அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம் சாவி அக்காவின் நம்பரைத் தேடி எடுங்கள். ஒரு தடவை கூப்பிட்டு, பெயர் சொல்லி, எப்படி இருக்கிறீர்கள் அக்கா என்று கேளுங்கள். மூன்று வருடம் கதவு திறந்துவிட்டதற்கு நன்றி சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பை அவர் எப்படி நடத்த விரும்புகிறார் என்றும் கேட்டு எழுதி வையுங்கள். அதை உங்கள் பழைய குழுவுக்கு அனுப்புங்கள், மேலே அவருடைய பெயரைப் போட்டு.

இங்கே சனிக்கிழமை காலை ஏழரைக்கு நானும் முன்பள்ளி ஆசிரியையும் கிண்ணியா பஸ்ஸில் போவோம். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்றால் ஏறிக்கொள்ளலாம். சேறு மிதிக்கக்கூடிய செருப்போடு வாருங்கள்.